ஓர்க்கிட்டின் தாய் யார், தகப்பன் யார்?

கேள்வி: வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடொன்றில் இருக்கிறோம். ஆசிரியத் தொழிலில் இருந்து ஓய்வு பெற்றபின் பல்கனியில் ஓர்க்கிட் வளர்ப்பதுதான் என் பொழுதுபோக்கு. இந்தக் கடற்காற்றுக்கு றோசா வாடிப்போகிறது, ஓர்க்கிட் எப்படியோ நிற்கிறது. என்னைக் குழப்புவது செடிகளல்ல, அவற்றின் பெயர்கள். ‘வாண்டா மிஸ் ஜோவாக்கிம்’ என்று நான் வாங்கி வளர்க்கும் செடியைக் கண்காட்சி ஒன்றில் ‘பப்பிலியோனாந்தே’ என்று எழுதி வைத்திருந்தார்கள். ‘அஸ்கோசென்டா’ என்று சீட்டுக் கட்டி வந்த இன்னொன்று இப்போது வெறும் ‘வாண்டா’வாம். ஏனென்று கேட்டால், டி.என்.ஏ. பார்த்து மாற்றிவிட்டார்கள் என்கிறார்கள்.

பத்தரமுல்லைப் பக்கம் வீதியோரத்தில் ஊதா நிற டென்ட்ரோபியம் ஒன்று வாங்கினேன். அது வெசாக் பூவின் வாரிசு என்று விற்றவர் சத்தியம் பண்ணினார், அதற்காக விலையும் கூட வாங்கினார். வவுனியாவில் இருக்கும் அண்ணர் தன் வளவு வேலி மரத்தில் படர்ந்து நிற்கும் மஞ்சள் வாண்டாவின் படத்தை அனுப்பினார். அதைப் பார்த்த சென்னைச் சிநேகிதி, இதே பூ தமிழ்நாட்டிலும் இருக்கிறது என்கிறார். இரண்டும் ஒன்றுதானா?

மெல்போர்னில் இருக்கும் என் பெறாமகன், “ஒரு இலையைக் கடிதத்துக்குள்ள வைச்சு அனுப்பி விடுங்கோ பெரியம்மா, இங்க குடுத்துப் பாத்துச் சொல்லுறன்” என்கிறான். அனுப்பலாமா? டி.என்.ஏ. பார்த்தால் எது எதற்குச் சொந்தம் என்று உண்மையிலேயே தெரிந்துவிடுமா?

வாசகி, வெள்ளவத்தை

பதில்: அம்மா, பெறாமகனுக்கு இன்றைக்கே ஒரு தகவல் சொல்லிவிடுங்கள்: இலை வராது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். முதலில் பெயர்களுக்கு வருவோம்.

உங்கள் இரண்டு பெயர் மாற்றங்களும் பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தாலும் அவற்றின் கதை வேறு வேறு. பப்பிலியோனாந்தே பிரிந்துபோனதற்கும் டி.என்.ஏ.வுக்கும் தொடக்கத்தில் ஒரு சம்பந்தமும் இல்லை. வாண்டாக்களில் பெரும்பாலானவற்றின் இலை பட்டையாக, நடுவில் மடிந்து இருக்கும். உங்கள் மிஸ் ஜோவாக்கிமின் இலையைத் தொட்டுப் பாருங்கள், உருண்டு திரண்டிருக்கும். பூவின் அமைப்பிலும் வேறுபாடு உண்டு. இவற்றை வைத்தே ஜெர்மன் தாவரவியலாளர் ருடோல்ஃப் ஷ்லெக்டர் 1915இல் பப்பிலியோனாந்தே என்ற தனிச் சாதியை அமைத்தார். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஓர்க்கிட் உலர்தாவரத் தொகுப்பைக் கவனித்துவந்த லெஸ்லி காரே, 1974இல் மேலும் பல இனங்களை அதற்குள் சேர்த்தார். வளர்ப்பவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பழகிய பெயரை யார்தான் விடுவார்கள்? பிறகு மரபணு ஆய்வுகள் வந்தபோது அவையும் ஷ்லெக்டர் பக்கமே நின்றன. நூறு வருடத்துக்கு முன்னர் கண்ணால் பார்த்துச் சொன்னது சரியாக இருந்தது. இந்தச் சாதியின் சொந்தக்காரர் ஒருவர் நம் நாட்டுக் காட்டிலும் இருக்கிறார். பப்பிலியோனாந்தே சுபுலாட்டா என்ற அந்த இனம் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இயற்கையாக வளர்வது.

அஸ்கோசென்டா விவகாரத்தில் நடந்தது நேர் எதிர். அஸ்கோசென்ட்ரம் என்ற, சிறிய பூ கொத்துக் கொத்தாகப் பூக்கும் சாதியையும் வாண்டாவையும் கலந்து எடுத்த செடிகளுக்குத்தான் அஸ்கோசென்டா என்ற கலப்புப் பெயர். 2013இல் லோரன் கார்டினரும் அவரோடு சேர்ந்தவர்களும் வாண்டாவையும் அதன் அயல் சாதிகளையும் எடுத்து, பச்சையவுருமணி டி.என்.ஏ.வின் சில பகுதிகளை ஒப்பிட்டு ஓர் உறவு மரம் வரைந்தார்கள். அஸ்கோசென்ட்ரம் அந்த மரத்தில் வாண்டாவுக்குப் பக்கத்துக் கிளையாக நிற்கவில்லை, வாண்டாக் கிளைக்கு உள்ளேயே முளைத்திருந்தது. யப்பானியர் போற்றி வளர்க்கும் நியோஃபினெட்டியாவும் அப்படியே. பூ சின்னதா பெரியதா, வெள்ளையா செம்மஞ்சளா என்பதையெல்லாம் அதைத் தேடி வரும் பூச்சி தீர்மானிக்கும். பகலில் வரும் பூச்சிக்கு ஒரு நிறம், இரவில் வரும் அந்துப்பூச்சிக்கு வெள்ளையும் நீண்ட தேன்குழலும் என்று ஓர்க்கிட் தன் பூவை வெகு சீக்கிரம் மாற்றிக்கொள்ளும். அதனால் பூவை மட்டும் பார்த்து உறவு சொன்னவர்கள் இங்கே ஏமாந்தார்கள். இலையும் பூவும் சேர்ந்து சாட்சி சொன்ன பப்பிலியோனாந்தேயில் ஏமாறவில்லை. இரண்டு சாதியும் ஒன்றான பிறகு இடையில் கலப்புப் பெயருக்கு வேலை இல்லை. உங்கள் சீட்டைத் திருத்தலாம், திருத்தாமலும் விடலாம். நானாக இருந்தால் புதிய பெயரை முன்னும் பழையதை அடைப்புக்குறிக்குள்ளும் எழுதுவேன்.

டி.என்.ஏ. அடையாளம் என்று சொல்கிறோமே, அது என்ன? செடியின் ஒவ்வொரு கலத்திலும் டி.என்.ஏ. மூன்று இடத்தில் இருக்கிறது: கருவில், பச்சையவுருமணியில், இழைமணியில். இந்த நீண்ட எழுத்து வரிசையில் செடிக்குச் செடி அல்லது இனத்துக்கு இனம் வேறுபடும் ஓரிடத்தைத் தெரிந்தெடுத்து, அதை மட்டும் பெருக்கி எடுத்து ஒப்பிடுகிறோம். பெருக்கும் முறைதான் பி.சி.ஆர். 2020இல் கொரோனாப் பரிசோதனைக்கு மூக்குக்குள் குச்சி விட்டு எடுத்தார்களே, அதன் அடிப்படையும் இதே. கேரி முல்லிஸ் 1983இல் யோசித்தது, 1993இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஓர்க்கிட்காரருக்கு ஒரு கூடுதல் தொல்லை உண்டு. தடித்த இலையை அரைத்தால் வழுவழுவென்று பசை வரும், அது டி.என்.ஏ.வைச் சுத்தமாகப் பிரிக்க விடாது. அதனால் இளம் இலையை, சில வேளை பூவிதழையே எடுப்பார்கள். சப்பாத்துப் பெட்டிக்குள் சிறு பைக்கற்றில் வரும் சிலிக்கா மணிகளுக்குள் இலைத்துண்டைப் புதைத்து உலர்த்தி வைத்தால் பழுதாகாது.

எந்த இடத்தைத் தெரிந்தெடுப்பது என்பதில்தான் சூட்சுமம் எல்லாம். 1990களில் ஆர்.ஏ.பி.டி. என்ற முறை எல்லா ஆய்வுகூடங்களிலும் பரவியது. பத்து எழுத்து நீளமுள்ள சிறு துண்டொன்றைப் போட்டு, அது எங்கெங்கே ஒட்டுகிறதோ அங்கெல்லாம் பெருக்கி, ஜெல்லில் ஓடவிட்டு வரிவரியாகத் தெரியும் கோடுகளை எண்ணுவார்கள். செலவு குறைவு, செடியைப் பற்றி முன்கூட்டி ஒன்றும் தெரிந்திருக்கத் தேவையில்லை. ஆனால் ஒரு ஆய்வுகூடத்தில் தெரிந்த கோடு இன்னொன்றில் தெரியாமல் போகும், சூட்டில் சிறு மாற்றம் வந்தாலே கோலம் மாறும். 1995இல் வந்த ஏ.எஃப்.எல்.பி. முறை இதைவிட நம்பத்தக்கது, வேலையும் செலவும் கூட. ஆர்.ஏ.பி.டி. கோடுகளை மட்டும் வைத்துக்கொண்டு இந்த இனமும் அந்த இனமும் இத்தனை வீதம் உறவு என்று எழுதியிருக்கும் கட்டுரைகளை நான் அரைக்கண்ணால்தான் படிக்கிறேன். ஒரே பண்ணையின் கன்றுகளைத் தங்களுக்குள் ஒப்பிட அது உதவும். சாதிகளின் வரலாறு எழுத அது போதாது.

இப்போது உறவு மரம் வரைவதற்கு மெட்-கே, ஆர்.பி.சி.எல். போன்ற பச்சையவுருமணி மரபணுக்களையும், கருவில் உள்ள ஐ.டி.எஸ். என்ற பகுதியையும் எழுத்தெழுத்தாக வாசிக்கிறார்கள். 2009இல் உலகத் தாவரவியலாளர் குழு ஒன்று கூடி, தரைத் தாவரங்களை இனங்காண மெட்-கேயும் ஆர்.பி.சி.எல்.லும் பொதுவான அடையாளங்களாக இருக்கட்டும் என்று முடிவு செய்தது. இவை மெதுவாக மாறுபவை, அதனால் இனத்தையும் சாதியையும் பிரிக்க ஏற்றவை. ஒரே இனத்துக்குள் இந்தச் செடி வேறு அந்தச் செடி வேறு என்று காட்ட வேண்டுமானால், வேகமாக மாறும் நுண்தொடர்கள் வேண்டும். ஒரே சிறு சொல் பத்துத் தரம், பன்னிரண்டு தரம் என்று திரும்பத் திரும்ப வரும் இடங்கள் அவை. இரண்டு அயல் செடிகளின் சொந்தத்தை அறிய மெட்-கேயைப் பார்ப்பது, காலி வீதியில் ஒரு ஒழுங்கையைத் தேட உலகப் படத்தை விரித்த மாதிரி.

இனி உங்கள் மிஸ் ஜோவாக்கிமுக்கு வருகிறேன். இந்தச் செடியை வைத்தே டி.என்.ஏ. எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று காட்டிவிடலாம். 1893இல் சிங்கப்பூரில் ஆர்மீனியக் குடும்பத்துப் பெண்ணான ஆக்னஸ் ஜோவாக்கிம், தன் தோட்டத்துச் செடியொன்றைத் தாவரவியல் பூங்காவின் பணிப்பாளர் ஹென்றி ரிட்லியிடம் காட்டினார். அது வாண்டா ஹூக்கரியானாவுக்கும் வாண்டா டெரெஸுக்கும் பிறந்த கலப்பு என்று ரிட்லி எழுதினார். அதில் எது விதை தந்தது, எது மகரந்தம் தந்தது என்பதை அவர் பதிந்துவைக்கவில்லை. 1981இல் அந்தப் பூ சிங்கப்பூரின் தேசிய மலர் ஆனது. இதற்கிடையில், ஆக்னஸ் அதை உருவாக்கவில்லை, தோட்டத்தில் தானாக முளைத்ததைக் கண்டெடுத்தார், அவ்வளவுதான் என்று ஒரு கட்சி கிளம்பியது. வாதம் பல காலம் ஓடியது.

ஓர்க்கிட்டின் பச்சையவுருமணி தாய்வழியாகவே வரும், மகரந்தத்தோடு வராது. 2011இல் வெளியான ஆய்வொன்று இதைப் பயன்படுத்தியது. மிஸ் ஜோவாக்கிமின் மெட்-கேயையும் ஆர்.பி.சி.எல்.லையும் எடுத்து இரு பெற்றோரின் வரிசைகளோடும் வைத்துப் பார்த்தார்கள். டெரெஸ் தாய், ஹூக்கரியானா தகப்பன் என்று முடிவு வந்தது. நூறு வருடத்துக்கு மேல் கிடந்த கேள்விக்கு இரண்டே மரபணுவில் பதில்.

ஆனால் கட்சிகள் சண்டை பிடித்தது தாய் யார் என்பதற்கு அல்ல. மகரந்தத்தை எடுத்து வைத்தது ஆக்னஸின் விரலா, ஒரு கருவண்டா என்பதற்குத்தான். அதை எந்த மரபணுவும் சொல்லாது. விரல் வைத்தாலும் வண்டு வைத்தாலும் பிறக்கும் பிள்ளையின் டி.என்.ஏ. ஒன்றே. அந்த வழக்கைத் தீர்க்கப் பழைய தாள்கள்தான் வேண்டியிருந்தன. ரிட்லி அந்தக் காலத்தில் எழுதிய குறிப்பு போன்ற ஆவணங்களைப் பார்த்த பிறகு, 2016இல் சிங்கப்பூர் அரசு நிறுவனங்கள் ஆக்னஸையே அந்தப் பூவை உருவாக்கியவராக ஏற்றன. பெண்ணொருத்தி தோட்டத்தில் நின்று ஒரு கலப்பினத்தைச் செய்திருப்பாள் என்பதை நம்ப இத்தனை காலம் எடுத்ததைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம்.

மிஸ் ஜோவாக்கிம் பெரும்பாலும் தண்டுத் துண்டுகளால்தான் பெருகியது. உங்கள் பல்கனியில் நிற்பதும் அந்த 1893ஆம் ஆண்டுச் செடியின் ஒரு துண்டாகவே இருக்கக்கூடும். அப்படியானால் அதையும் கொட்டாஞ்சேனையில் யாரோ வீட்டு வாசலில் நிற்பதையும் எந்த அடையாளத்தாலும் பிரிக்க முடியாது. இது இன்னொரு வகையிலும் முக்கியம். இழைய வளர்ப்பில் எடுத்த கன்றுகளில் ஒன்றிரண்டு வேறு மாதிரிப் பூத்துவிட்டால், பரிசோதித்தால் தெரிந்துவிடும் என்று சொல்வார்கள். பல வேளைகளில் ஒன்றும் தெரியாது. ஒரு சிறு மாற்றம் பூவைக் கெடுத்திருக்கும், நாம் பார்த்த அடையாளம் வேறெங்கோ இருக்கும்.

ஊதா டென்ட்ரோபியத்துக்கு ஆய்வுகூடம் தேவையில்லை, கண் போதும். வெசாக் பூ, அதாவது டென்ட்ரோபியம் மக்கார்த்தியே, இலங்கைக்கு மட்டுமே உரியது. தென்மேற்கு ஈரவலயக் காடுகளில் மரக்கிளையில் மெல்லிய நீண்ட தண்டுகளோடு கீழ்நோக்கித் தொங்கும். வெசாக்கை அண்டிய நாட்களில் இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த பூக்கள் சிலவே ஒரு காம்பில் சாய்ந்து தொங்கும். பூக்கடைகளில் நாம் காணும் ஊதா டென்ட்ரோபியங்களின் முக்கிய மூதாதை டென்ட்ரோபியம் பிகிப்பம், அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலப் பூ. அதன் வழிவந்தவை தடித்த தண்டோடு நிமிர்ந்து நின்று, நீண்ட காம்பில் வரிசையாகப் பூக்கும். உங்கள் செடி நிமிர்ந்து நின்று காம்புக்குப் பத்துப் பூ பூக்கிறது என்றால், வாரிசுக் கதைக்குக் கொடுத்த மேலதிகக் காசை மறந்துவிடுங்கள்.

ஒருவேளை தண்டு தொங்கி, பூ சாய்ந்து, உண்மையிலேயே சந்தேகம் வந்தால் அங்கே ஐ.டி.எஸ். உதவும். அது கருவில் இருப்பதால் தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் வரும். முதல் தலைமுறைக் கலப்பில் இரு பெற்றோரின் எழுத்தும் ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். தலைமுறைகள் கடந்த கலப்பில் ஒரு பக்கத்து எழுத்து அழிந்துபோயிருக்கலாம், அப்போது ஐ.டி.எஸ். மட்டும் பார்த்து இல்லை என்று அடித்துச் சொல்ல இயலாது. பச்சையவுருமணியை மட்டும் பார்த்தாலும் இதே ஆபத்துத்தான். அது தாயின் தாயின் தாயைக் காட்டும், தகப்பன் பக்கத்தை முழுக்க மறைத்துவிடும். இயற்கையிலும் ஓர்க்கிட்டுகள் தங்களுக்குள் கலப்பவை. அதனால் பச்சையவுருமணி ஒரு மரத்தையும் கரு இன்னொரு மரத்தையும் காட்டினால், நல்ல ஆய்வாளர் ஒன்றை மறைத்து மற்றதை வெளியிடமாட்டார். அந்த முரண்பாட்டிலேயே பழைய கலப்பொன்றின் தடயம் இருக்கலாம்.

வெசாக் பூவைப் பற்றி இன்னொரு சொல். அது சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட செடி, காட்டிலிருந்து எடுப்பது குற்றம். வீதியில் விற்பது காட்டுச் செடியா, குடுவையில் விதை போட்டு வளர்த்த கன்றா என்று டி.என்.ஏ.யால் கண்டுபிடிக்கலாமா என்று சிலர் என்னிடம் கேட்பதுண்டு. ஒவ்வொரு காட்டிலும் உள்ள செடிகளின் நுண்தொடர் விவரம் முன்கூட்டியே சேர்த்து வைக்கப்பட்டிருந்தால் இது எந்தக் காட்டுக்காரன் என்று ஓரளவு சொல்லலாம். விவரத் தொகுப்பு இல்லாமல் தனி ஒரு இலையின் டி.என்.ஏ. வெறும் எழுத்துச் சரம். வேர் மரப்பட்டையோடு ஒட்டியபடி இருந்தால், பூச்சி தின்ற பழைய இலைகளும் பாசியும் இருந்தால், அது எங்கிருந்து வந்தது என்பதை மரபணு இல்லாமலே ஊகிக்கலாம். அப்படிப்பட்டதை வாங்காதீர்கள்.

வவுனியா மஞ்சள் பூவின் கேள்விதான் உங்கள் கடிதத்தில் எனக்கு மிகப் பிடித்தது. படத்தைப் பார்த்தால் அது முன்பு வாண்டா ஸ்பதுலாட்டா என்று அழைக்கப்பட்டதே. சென்னைச் சிநேகிதி சொல்வது சரி, தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும் வளரும் செடி அது. வான் ரீட் என்ற ஒல்லாந்து ஆளுநர் கொச்சியில் இருந்தபோது தொகுத்த ‘ஹோர்த்துஸ் மலபாரிகுஸ்’ நூலின் கடைசித் தொகுதியில், 1693இல், இதன் படம் வந்துவிட்டது. 1753இல் லின்னேயஸ் அறிவியல் பெயர் கொடுத்தார். 1992இல் அமெரிக்கரான எரிக் கிறிஸ்டென்சன் இதை வாண்டாவிலிருந்து பிரித்து, தப்ரோபானியா என்ற தனிச் சாதியாக்கினார். பழைய கிரேக்கர் நம் தீவுக்கு வைத்திருந்த பெயர் அதில் இருக்கிறது. அந்தச் சாதியில் இந்த ஓரினம் மட்டும்தான்.

இரண்டு கரையிலும் ஒரே இனம் என்று பட்டியல் சொல்கிறது. இரண்டு கரைச் செடிகளும் எவ்வளவு நெருக்கம் என்பது வேறு கேள்வி. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்னர், பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் நூறு மீற்றருக்கு மேல் தாழ்ந்திருந்தபோது பாக்கு நீரிணை தரையாக இருந்தது. ஓர்க்கிட் விதை தூசு போன்றது, காற்றில் வெகுதூரம் போகக் கூடியது. ஆகவே போக்குவரத்து தாராளமாக இருந்திருக்கும் என்று தோன்றும். 2004இல் ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் வந்த ஆய்வொன்று இந்த எண்ணத்தை உலுக்கியது. இலங்கையிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் உள்ள தவளை, நன்னீர் நண்டு, மீன் முதலியவற்றின் டி.என்.ஏ.வை ஒப்பிட்டபோது, தரைப்பாலம் பலமுறை திறந்திருந்தும் இரு பக்கத்து உயிர்களும் பெரும்பாலும் தங்கள் தங்கள் பக்கத்திலேயே பரிணமித்திருந்தன. ஆனால் அவை ஈரக்காட்டு உயிர்கள், நடுவில் இருந்த உலர்ந்த தரை அவற்றுக்குத் தடை. தப்ரோபானியாவோ உலர் நிலத்துப் பற்றைகளில் படர்வது. தவளைக்கு மூடியிருந்த வாசல் இதற்குத் திறந்திருக்கலாம். வவுனியா, அம்பாந்தோட்டைப் பக்கங்களில் இருந்தும் தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களில் இருந்தும் பல செடிகளின் நுண்தொடர்களை எடுத்து ஒப்பிட்டால் அதைச் சோதிக்கலாம். கரைக்கு ஒரு செடி போதாது, ஒவ்வோர் இடத்திலும் இருபது முப்பது செடி வேண்டும்.

அப்படிப் பார்த்து வேறுபாடு தெரிந்தால் உடனே இரண்டு இனம் என்று பெயர் வைக்கவேண்டுமா? ஐரோப்பாவில் ஓஃபிரிஸ் என்ற தேனீ ஓர்க்கிட்டுகளை நுணுகிப் பார்த்துச் சிலர் முந்நூறுக்கு மேற்பட்ட இனங்களாகப் பிரித்தார்கள். 2018இல் மரபணுத்தொகுதி முழுவதிலும் இருந்து ஆயிரக்கணக்கான இடங்களை எடுத்து ஒப்பிட்ட குழுவுக்குத் தெளிவாகப் பிரிந்து தெரிந்தவை ஒன்பதே ஒன்பது கூட்டம். டி.என்.ஏ. தூரத்தை அளந்து கொடுக்கும். கோட்டை எங்கே போடுவது என்பதைத் தாவரவியலாளர்தான் தீர்மானிக்க வேண்டும், அவர்களுக்குள் சண்டையும் தொடரும்.

இப்போது பெறாமகன் கேட்ட இலை. ஓர்க்கிட் குடும்பம் முழுவதும், ஆபத்திலுள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைற்றிஸ் உடன்படிக்கையின் பட்டியல்களுக்குள் வருகிறது. பெரும்பாலானவை இரண்டாம் பட்டியலில், சில முதலாம் பட்டியலில். இரண்டாம் பட்டியலில் விதைக்கும், குடுவைக்குள் வளரும் கன்றுக்கும், வளர்ப்புச் செடியில் வெட்டிய பூவுக்கும் விலக்கு உண்டு. இலைக்கு இல்லை, காய்ந்த இலைக்கும் இல்லை. இதற்கு மேல் நம் நாட்டு வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கிறது, அவுஸ்திரேலியாவின் தாவரத் தடைகாப்பு விதிகளும் இருக்கின்றன. ஆய்வுக்காக அனுப்பும் பல்கலைக்கழகங்களே அனுமதி எடுத்துத்தான் அனுப்புகின்றன. கடித உறைக்குள் வைத்து அனுப்பிப் பெறாமகனை வில்லங்கத்தில் மாட்டிவிடாதீர்கள்.

அனுப்பினாலும் பெரிய பயன் இராது. டி.என்.ஏ. தானாக ஒரு பெயரைச் சொல்லாது, ஏற்கெனவே பெயர் நிச்சயமான செடியோடு ஒப்பிட்டால்தான் பேசும். இந்தியாவில் உள்ள எட்டு வகைப் பாதணி ஓர்க்கிட்டுகளையும், கேரள, தமிழ்நாட்டு எல்லையில் அகத்தியமலைப் பக்கத்துக்கே உரிய பஃபியோபெடிலம் ட்ரூரியை உட்பட, மெட்-கே ஒன்றை வைத்தே பிரித்துவிடலாம் என்று 2012இல் டெல்லிப் பல்கலைக்கழகக் குழு காட்டியது. எட்டுக்கும் பெயர் உறுதியான மாதிரிகள் கையில் இருந்ததால் அது முடிந்தது. இலங்கையில் ஓர்க்கிட் இனங்கள் ஏறக்குறைய 190, அதில் ஐம்பதுக்கு மேல் நமக்கே உரியவை. ஒவ்வொன்றுக்கும் எங்கே, எப்போது, யார் எடுத்தது என்ற குறிப்போடு உலர்த்திய மாதிரி இருக்கவேண்டும். பேராதனையில் உள்ள தேசிய உலர்தாவரக் காப்பகத்தின் அருமை அங்கேதான். வீட்டில் வளர்ப்பவர்களும் உதவலாம். சீட்டில் பெயரை மட்டும் எழுதாமல், யாரிடம், எந்தத் திகதியில் வாங்கியது, விற்றவர் பெற்றோர் பெயர் சொன்னால் அது என்ன என்பதையும் எழுதி வையுங்கள். மழையில் அழியாத பென்சிலால் எழுதுங்கள். 1934இல் தொடங்கிய இலங்கை ஓர்க்கிட் வட்டத்தின் கண்காட்சிகளுக்குப் போனால், பூவைப் பார்த்தே பாதிச் சந்தேகத்தைத் தீர்த்துவைக்கும் ஆட்கள் இருப்பார்கள்.

கேள்வி: நான் கொட்டாஞ்சேனையில் இருந்து உயர்தரம் உயிரியல் படிக்கிறேன். பாடசாலைச் செயற்றிட்டத்துக்கு டென்ட்ரோபியம் இனங்களின் மரபு உறவைச் செய்ய ஆசை. எங்கள் ஆய்வுகூடத்தில் பி.சி.ஆர். கருவி இல்லை. வேறு வழி உண்டா?

மாணவன், கொட்டாஞ்சேனை

பதில்: தம்பி, கருவி வேண்டாம், இணைய வசதியுள்ள கணினி போதும். உலக ஆய்வாளர்கள் வாசித்த வரிசைகள் ‘ஜென்பாங்க்’ என்ற தரவுத்தளத்தில் 1982இலிருந்து சேர்ந்துகொண்டிருக்கின்றன, யாரும் இலவசமாக எடுக்கலாம். டென்ட்ரோபியம் குருமனாட்டம், ஹெட்டரோகார்ப்பம், மக்ரோஸ்டாக்கியம் மூன்றும் இலங்கையில் வளர்பவை. அவற்றோடு பிகிப்பம் போன்ற வெளிநாட்டு இனங்கள் சிலவற்றையும் சேர்த்து மெட்-கே வரிசைகளைத் தேடுங்கள். குருமனாட்டம்தான் புறாப் பூ. திடீர் மழை பெய்து குளிர்ந்தால் ஏறக்குறைய ஒன்பதாம் நாள் ஊரிலுள்ள செடியெல்லாம் ஒரே நாளில் பூக்கும், உங்கள் பக்கத்து மரங்களிலும் தேடிப் பாருங்கள்.

வரிசைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி மரம் வரைவதற்கு ‘மெகா’ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. சுதிர் குமார், தமுரா, நெய் ஆகியோர் 1993இல் வெளியிட்டது, இன்றுவரை புதுப்பிக்கப்படுகிறது. மரத்துக்கு வேர் எங்கே என்று காட்ட வெளிக் குழுவாக ஒரு பல்போஃபில்லம் இனத்தைச் சேருங்கள், அது டென்ட்ரோபியத்தின் நெருங்கிய சொந்தம். முடிந்தால் அதே இனங்களுக்கு ஐ.டி.எஸ். வரிசையையும் எடுத்து இரண்டாவது மரம் வரைந்து, இரண்டும் எங்கே ஒத்துப்போகவில்லை என்று எழுதுங்கள். நடுவர்கள் அந்தப் பக்கத்தைத்தான் ஆர்வமாக வாசிப்பார்கள்.

ஒன்றில் மட்டும் கவனம். ஜென்பாங்கில் பிழையான பெயரோடு கிடக்கும் வரிசைகளும் உண்டு. ஒவ்வொரு பதிவிலும், டி.என்.ஏ. எடுத்த செடியின் உலர்மாதிரி எண்ணும் அது எந்தக் காப்பகத்தில் இருக்கிறது என்ற குறிப்பும் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண் இல்லாத பதிவை உங்கள் மரத்தில் சேர்க்காமல் விடுவது நல்லது.